ஹர்லிங் வீரர் கிறிஸ்டி ரிங் – ஓர் ஆய்வு

(மூன்றாமாண்டு இளங்கலை, தத்துவத் துறை)

மூன்றாமாண்டு மாணவர்களாகிய எங்களுக்கு ஜார்ஜ் பார்க்ளி என்னும் தத்துவ அறிஞர் பாடமாக இருக்கிறார். ஒரு பொருள் உள்ளது என்றால் அதை யாரோ ஒருவர் உணர்கிறார் என்பதே பொருள். உணர்வார் இல்லையேல் பொருளும் இல்லை என்று வாதிட்டவர் அவர். அவர் 1734 முதல் 1753 வரை அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள கிளாய்ன் என்னும் சிற்றூரில் பிஷப்பாக இருந்தார். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று பேராசிரியர் பணித்தபோது, பார்க்ளியைப் பற்றியே எழுதுவது எனத் தீர்மானித்து நூலகத்துக்குப் போனேன். கிளாய்ன் எப்படிப்பட்ட ஊர் என்று தேடினேன். அங்கே பழைய தேவாலயம் ஒன்றும், அதற்கு எதிரே வட்டக் கோபுரம் ஒன்றும் இருப்பதாகக் கண்டேன். கூடவே, அவ்வூரில் கையில் மட்டையுடன் நிற்கும் ஒருவருடைய சிலையும் இருப்பதாக எழுதியிருந்தது. அது பிஷப்பின் சிலை அன்று. கிறிஸ்டி ரிங் என்ற லாரி ஓட்டுநரின் சிலை.

அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. தத்துவத் துறை மாணவன் விளையாட்டு வீரனைப் பற்றி எழுதலாமா என்று வகுப்பில் சிலர் கேட்டனர். எழுதலாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஆட்டத்தின் இயல்பு

ரிங்கின் பெருமை விளங்க வேண்டுமானால் ஹர்லிங் என்ற ஆட்டம் இன்னதென்று முதலில் தெரிய வேண்டும். நம்மவர் பலர் அப்பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஹாக்கியைப் போல மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம் என்று சொன்னால் பாதி உண்மை. ஹாக்கியில் பந்து பெரும்பாலும் தரையில் ஓடும். ஹர்லிங்கில் அது தலைக்கு மேலே பறக்கும். பறக்கிற பந்தைக் கையால் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டு நான்கு அடி வரை நடக்கலாம். அதற்குமேல் போக வேண்டுமானால் பந்தை மட்டையின் அகன்ற நுனியில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். காலால் உதைக்கலாம், உள்ளங்கையால் தட்டலாம். அணிக்குப் பதினைந்து பேர். திடலின் நீளம் 130 முதல் 145 மீட்டர் வரை. கால்பந்துத் திடலைவிடப் பெரிது.

கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்து ‘எச்’ வடிவில் நிற்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் ஒரு கோல். மேலே போனால் ஒரு புள்ளி. ஒரு கோலுக்கு மூன்று புள்ளி மதிப்பு. எனவே ஒரு அணியின் கணக்கை ‘7 கோல் 5 புள்ளி’ என்பது போல இரண்டு எண்களாகச் சொல்வர். மொத்தம் 26 என்று கூட்டிக்கொள்வது கேட்பவர் பொறுப்பு.

மட்டை ஆஷ் என்னும் மரத்தின் அடிப்பகுதியிலிருந்து அறுக்கப்படுகிறது. தண்டு வேராக மாறி வளைகிற இடம் அது. அங்கே மரத்தின் இழையும் வளைந்தே ஓடுவதால், வளைந்த நுனி அடி வாங்கினாலும் எளிதில் பிளக்காது. மரத்தை நேராக அறுத்து நுனியை வளைவாகச் செதுக்கினால் முதல் மோதலிலேயே உடைந்துவிடும். பந்து தக்கையால் ஆகித் தோல் போர்த்தது. எடை 110 முதல் 120 கிராம். வலுவாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும். இவ்வளவையும் படித்த பிறகு, எல்லா ஆட்டக்காரரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற விதி 2010-இல்தான் வந்தது என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ரிங் தம் காலத்தில் அணிந்தது ஒரு துணித்தொப்பி.

ஆட்டம் மிகப் பழமையானது. செடான்டா என்ற சிறுவன், தன்மேல் பாய்ந்த காவல் நாயைப் பந்தாலும் மட்டையாலும் கொன்று, ‘கூலனின் நாய்’ என்று பொருள்படும் குஹூலின் என்ற பெயரைப் பெற்றதாக அயர்லாந்துப் புராணக் கதை கூறும். ஆனால் இன்று நாம் காணும் ஒழுங்கான ஆட்டம் 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தர்லஸ் நகரத்தின் விடுதி ஒன்றில் மைக்கேல் குசாக் முதலியோர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவியதிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாட்டில், தம் ஆட்டத்தைத் தாமே ஆடுவது என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. 2018-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது.

பிறந்த காலம்

நிக்கலஸ் ரிங் என்ற தோட்டக்காரரின் மகனாகக் கிறிஸ்டி 1920-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கார்க் மாவட்டத்துக் கிளாய்னில் பிறந்தார். அந்த அக்டோபரைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. கார்க் நகர மேயர் டெரன்ஸ் மாக்ஸ்வினி, பிரிட்டிஷ் சிறையில் 74 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தது அந்த அக்டோபர் 25-இல். அடுத்த மாதம் 21-ஆம் நாள், டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் திடலில் கேலிக் கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தபோது அரசுப் படையினர் சுட்டதில் மைக்கேல் ஹோகன் என்ற ஆட்டக்காரர் உட்பட 14 பேர் மாண்டனர். டிசம்பரில் கார்க் நகரத்தின் கடைவீதிகளுக்கு அதே படையினர் தீ வைத்தனர். மாக்ஸ்வினியின் பெயர் அக்காலத்து இந்திய விடுதலைப் போராட்ட வீரர்களும் நன்கு அறிந்த பெயர்.

பிள்ளை தொட்டிலில் கிடந்த நாளில் எந்தத் திடலில் குண்டு பாய்ந்ததோ, அதே திடலில்தான் பின்னாளில் அவர் பத்து இறுதிப் போட்டிகளில் ஆடினார்.

பள்ளிப் படிப்பை இளமையிலேயே நிறுத்திவிட்டு, அருகிலுள்ள மிடில்டன் நகரில் மோட்டார் பட்டறையில் தொழில் பழகினார். பிறகு கார்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்து லாரி ஓட்டினார். முதலில் அரசுப் போக்குவரத்து நிறுவனத்தில், பின்னர் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில். 1941 முதல் கிளென் ரோவர்ஸ் என்ற நகரத்துக் கழகத்துக்காக ஆடினார். அக்கழகத்துடன் 14 முறை மாவட்டக் கோப்பையை வென்றார். மது அருந்தாதவர், புகை பிடிக்காதவர்.

எட்டுப் பதக்கங்கள்

அயர்லாந்தின் மாவட்டங்களுக்கிடையே நடக்கும் அனைத்து அயர்லாந்துக் கோப்பையே ஹர்லிங்கின் உச்சம். இங்கே ஒரு வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். ஆட்டக்காரர் பொதுவாகத் தம் மாவட்டத்துக்கே ஆடுவர். பணம் கொடுத்து வேறு மாவட்டத்து ஆளை வாங்கும் வழக்கம் கிடையாது. ஆட்டத்துக்குச் சம்பளமும் கிடையாது. ரிங் காலத்தில் ஒருமுறை தோற்றால் அந்த ஆண்டுக்கான போட்டி முடிந்தது; அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதற் பதக்கம் 1941-இல் கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஆண்டு மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவியதால் டிப்பரேரி, கில்கென்னி மாவட்டத்து அணிகள் தடுத்து நிறுத்தப்பட்டன. மன்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டம் தள்ளிப்போக, மாகாணத்தின் சார்பில் கார்க் அணியே அனுப்பப்பட்டு, டப்ளினை வென்று நாட்டின் வாகையராயிற்று. நோய் தணிந்தபின் அக்டோபரில் மாகாண இறுதி ஆட்டத்தை நடத்தியபோது டிப்பரேரி கார்க்கை வென்றுவிட்டது! நாட்டுக்கெல்லாம் வாகையர், சொந்த மாகாணத்தில் தோற்றவர். அந்தப் பதக்கத்தைப் பற்றி எதிரணியினர் ஏளனம் பேசியிருப்பர் என்பதில் ஐயமில்லை. கார்க் அணி வாயால் பதில் சொல்லவில்லை. 1942, 1943, 1944 என்று அடுத்த மூன்று ஆண்டுகளும் கோப்பையைக் கொண்டுபோயிற்று. தொடர்ந்து நான்கு முறை வென்ற முதல் ஹர்லிங் அணி அதுவே.

1944-இல் லிமரிக் அணியுடன் நடந்த மாகாண இறுதி ஆட்டத்தை இன்னும் சைக்கிள் ஆட்டம் என்று சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலம். அயர்லாந்து போரில் சேரவில்லை என்றாலும் பெட்ரோல் கிடையாது. ரயில்களும் ஓடவில்லை என்ற நிலை. மக்கள் நெடுந்தொலைவிலிருந்து சைக்கிள் மிதித்துத் தர்லஸ் நகருக்கு வந்தனர். ஆட்டம் சமமாக முடிந்தது. வந்தவர்கள் வீடு திரும்பி, மறுபடியும் மிதித்து வந்தனர். மறு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ரிங் பந்துடன் ஓடி அடித்த கோல் கார்க்கைக் காப்பாற்றியது. முடிவு: கார்க் 4 கோல் 6 புள்ளி, லிமரிக் 3 கோல் 6 புள்ளி.

1946-இல் அவர் அணித்தலைவர். இறுதி ஆட்டத்தில் எதிரணி கில்கென்னி. இடைவேளைக்குச் சற்று முன்பு நெடுந்தொலைவிலிருந்து பந்தை மட்டையில் ஏந்திக்கொண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகக் கடந்து போய்க் கோல் அடித்தார். கார்க் 7 கோல் 5 புள்ளி, கில்கென்னி 3 கோல் 8 புள்ளி. (பிஷப் பார்க்ளி பிறந்தது கில்கென்னியில், வாழ்ந்தது கிளாய்னில். அவர் அன்றிருந்தால் எந்தப் பக்கம் கைதட்டியிருப்பார் என்று நான் வகுப்பில் கேட்டதற்குப் பேராசிரியர் சிரித்தாரே தவிர விடை கூறவில்லை.) மறு ஆண்டே கில்கென்னி ஒரே ஒரு புள்ளியில் பழி தீர்த்துக்கொண்டது.

பிறகு 1952, 1953, 1954 என்று மீண்டும் மூன்று. கடைசி இரண்டிலும் அவரே அணித்தலைவர். 1954 இறுதி ஆட்டத்தைக் காண 84,856 பேர் குரோக் பார்க்கில் கூடியிருந்தனர். ஹர்லிங் இறுதி ஆட்டம் ஒன்றுக்கு அத்தனை பேர் அதன் முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அன்று ரிங் பெற்றது எட்டாவது பதக்கம். அதுவரை எவரும் எட்டு வாங்கியதில்லை.

மாகாணங்களுக்கிடையே நடந்த ரயில்வே கோப்பையில் அவருடைய கணக்கு இன்னும் வியப்புக்குரியது. 1942 முதல் 1963 வரை மன்ஸ்டர் மாகாணத்துக்காக ஆடி 18 பதக்கங்கள். 1959-இல் கானாக்ட் மாகாணத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் ஒருவர் மட்டும் அடித்தது 4 கோல், 5 புள்ளி. அப்போது அவருக்கு வயது 38. அந்த ஆண்டின் சிறந்த ஹர்லிங் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. அவர் ஓய்வு பெற்றபின் அந்தக் கோப்பைக்கு வந்த கூட்டமே குறைந்துபோயிற்று.

ஒரு குறை

இவ்வளவும் எழுதி முடித்து, முதற் படியை நண்பர்களிடம் காட்டியபோது, “இது கட்டுரை இல்லை, பாராட்டுப் பத்திரம்” என்றார் ஒருவர். அது சரியான கண்டனம். 1953-ஆம் ஆண்டை நான் ஒரே சொல்லில் கடந்துவிட்டிருந்தேன். வேண்டுமென்றே கடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் எதிரணி கால்வே. ரிங்கைக் கட்டிக் காக்கும் வேலை கால்வே அணித்தலைவர் மிக் பர்க்கிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆட்டத்தின் நடுவில் பர்க் முகத்தில் அடிபட்டார். ரிங் வேண்டுமென்றே அடித்தார் என்பது கால்வே தரப்பு. முன்பு ரிங்கே வகையாக அடி வாங்கினார் என்பது கார்க் தரப்பு. கார்க் 3 கோல் 3 புள்ளி, கால்வே 8 புள்ளி என்று ஆட்டம் முடிந்தது. கசப்பு முடியவில்லை. டப்ளின் விடுதியிலும் கைகலப்பு மூண்டது. பிந்தைய நாட்களில் அதைப் பற்றி எழுதியவர்கள்கூட அவரவர் பிறந்த மாவட்டத்துக்கு ஏற்பவே எழுதுகிறார்கள்.

இதில் என் முடிபு என்ன? பந்து எங்கோ போய்க்கொண்டிருக்கையில் நடந்ததை நடுவரே பார்க்காதபோது, கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்வது தகாது. ஆனால் ஒன்று சொல்லலாம். அந்தக் காலத்து ஹர்லிங் கரடுமுரடானது. கோல் காவலரைக்கூட மோதித் தள்ளலாம் என்று விதி இருந்தது. ரிங் அந்த ஆட்டத்தில் வளர்ந்தவர். வெற்றியில் வெறி கொண்டவர். அடி வாங்கினார், கொடுத்தார். அவரைச் சாந்த சொரூபியாகக் காட்டுவது அவருக்கே செய்யும் அநீதி.

1956

என்றாலும், மூன்று ஆண்டு கழித்து நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். நான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

1956-இல் ரிங்குக்கு 35 வயது. மாகாண இறுதி ஆட்டத்தில் லிமரிக் அணி அவரை நெடுநேரம் அசையவிடாமல் கட்டிவைத்திருந்தது. கிழவர் தீர்ந்தார் என்று பலரும் எண்ணியிருப்பர். ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அடுத்தடுத்து மூன்று கோல் அடித்து வென்று கொடுத்தார். நாட்டின் இறுதி ஆட்டத்தில் எதிரணி வெக்ஸ்போர்டு. 1954-இல் கார்க்கிடம் தோற்ற அதே அணி. அந்த 1954 ஆட்டத்தில் வெக்ஸ்போர்டின் முழுக் காவலர் நிக் ஓடானல், காறை எலும்பு முறிந்து வெளியேறியவர். கார்க் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியதால் வழக்கமாகச் செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் ஆட்டம் 23-ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிற்று. 83,000-க்கு மேற்பட்டோர் கூடினர். எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்றுதான்: ரிங் ஒன்பதாவது பதக்கத்துக்காக ஆடுகிறார்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. கார்க் சற்றே பின்தங்கியிருந்தது. பந்து ரிங்கின் மட்டைக்கு வந்தது. தற்காப்பைக் கடந்து உள்ளே புகுந்து கோலை நோக்கி அடித்தார். வெக்ஸ்போர்டின் கோல் காவலர் ஆர்ட் ஃபோலி உருவத்தில் சிறியவர். அவர் பந்தைத் தடுத்துவிட்டார். ரிங் ஓடிப்போய் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார் என்பர். சற்று நேரத்தில் மறுமுனையில் நிக்கி ராக்கார்டு வெக்ஸ்போர்டுக்கு ஒரு கோல் அடித்தார். வெக்ஸ்போர்டு 2 கோல் 14 புள்ளி, கார்க் 2 கோல் 8 புள்ளி. ஒன்பதாவது பதக்கம் ரிங்குக்குக் கடைசி வரை கிட்டவில்லை.

ஆட்டம் முடிந்த ஊதல் ஒலித்ததும், வென்ற அணியைச் சேர்ந்த இருவர் தோற்ற அணியின் ரிங்கை நோக்கி நடந்தார்கள். ஒருவர் பாபி ராக்கார்டு. மற்றவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் எலும்பு முறிந்த அந்த ஓடானல். இருவரும் ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைவிட்டு வெளியே வந்தார்கள். வெக்ஸ்போர்டு கோப்பையை வென்று ஓராண்டே ஆகியிருந்தது. அதற்கு முன் 45 ஆண்டு காத்திருந்த மாவட்டம் அது. அப்படிப்பட்டவர்கள் தம் கோப்பையைத் தூக்குவதற்கு முன்பு எதிரியைத் தூக்கினார்கள். சும்மா வருவதில்லை அந்த மரியாதை. ஒருவரோடு ஆண்டுக்கணக்கில் மோதியவர்களுக்கே அவருடைய தரம் தெரியும். கால்வேக்காரர் கோபத்தையும் வெக்ஸ்போர்டுக்காரர் தோளையும் ஒரே தராசில் வைக்காமல் ரிங்கைப் பற்றி எவரும் எழுதக் கூடாது என்பது என் கருத்து.

கண்டவர் சாட்சி

இப்போது தத்துவத்துக்கு வருகிறேன். ஃபோலி அந்தப் பந்தை எப்படித் தடுத்தார்? தலைக்கு மேலே அப்படியே கையால் பிடித்துவிட்டார் என்கிறார்கள் சிலர். மட்டையால் மேலே தட்டி, அது கீழே விழும்போது பிடித்தார் என்கிறார்கள் வேறு சிலர். 83,000 பேர் பார்த்த ஒரு நிகழ்ச்சி இது.

ரிங்கின் ஆட்டம் முழுவதற்குமே இந்தச் சிக்கல் உண்டு. அயர்லாந்தில் தொலைக்காட்சி தொடங்கியது 1961-ஆம் ஆண்டின் கடைசி நாளில். ஹர்லிங் இறுதி ஆட்டம் முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பானது 1962-இல். ரிங்கின் இளமையும் முதிர்ச்சியும் அதற்கு முன்பே கழிந்துவிட்டன. சில செய்திப் படத் துண்டுகள் இருக்கின்றன. 1964-இல் லூயி மார்க்கஸ் இயக்கிய, ‘கிறிஸ்டி ரிங்’ என்றே பெயரிட்ட படத்தில் அவர் பந்தடிக்கும் முறைகளைச் செய்து காட்டுகிறார். மற்றதெல்லாம் மைக்கேல் ஓஹெஹிரின் வானொலி வருணனையும் பார்த்தவர் வாய்ச்சொல்லும்தான். லட்சக்கணக்கான மக்கள் ரிங்கைக் காதால் பார்த்தவர்கள்.

1957-இல் எடுத்த ஒரு புகைப்படம் புகழ் பெற்றது. மணிக்கட்டு முறிந்த ரிங் திடலைவிட்டு வெளியே வருகிறார். கோலுக்குப் பக்கத்தில் துணை நடுவராக நிற்பவர் லிமரிக்கின் மிக் மாக்கி. ரிங்குக்கு முந்தைய தலைமுறையின் மாபெரும் ஆட்டக்காரர். இருவரும் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். முகத்தில் குறும்பு தெரிகிறது. என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை வாதப் பொருள். மாக்கி சிறந்தவரா ரிங் சிறந்தவரா என்று கார்க், லிமரிக் மக்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். விவாதிக்கிறவர்களில் பெரும்பாலோர் இருவரையும் நேரில் கண்டதில்லை.

பார்க்ளியின் கொள்கைப்படி, உணர்வார் எவரும் இல்லாத வேளையிலும் பொருள்களை இருத்தி வைப்பது இறைவனின் உணர்வு. பிஷப் இருந்த அதே ஊரின் மகனுடைய ஆட்டத்தை இருத்தி வைப்பது அவருக்கு முன் உட்கார்ந்திருந்தவர்களின் நினைவு. நினைவு பொய்யும் சொல்லும். அது கழிந்தது போக மிஞ்சுகிற எண்கள்தாம் எட்டு, பதினெட்டு, பதினான்கு.

ஓய்வும் இறுதியும்

1960-களின் தொடக்கத்தில் மாவட்ட அணியிலிருந்து விலகினார். கழகத்துக்காக 1967 வரை, 46 வயது வரை, ஆடினார். பிறகு கார்க் அணியின் தேர்வாளர்களுள் ஒருவராக இருந்தார். அந்த அணி 1976, 1977, 1978 என்று தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றது. பழைய ஆட்டக்காரர்களுக்கு ‘எங்கள் காலத்தில்’ என்று தொடங்கும் நோய் உண்டு. ரிங்குக்கு அது இல்லை. சிறந்த ஹர்லிங் ஆட்டக்காரர்கள் இறந்த காலத்தில்தான் இருந்தார்கள் என்று எவரும் சொல்லக் கூடாது. அவர்கள் இப்போதும் இருக்கிறார்கள், இவர்களினும் சிறந்தவர் இனி வருவர் என்பது அவர் சொன்னதாக அங்கே பலரும் நினைவுகூரும் கருத்து. அவர் சொன்னபடியே ஆயிற்று. டிப்பரேரியின் ஜான் டாயில் 1965-இல் எட்டாவது பதக்கம் பெற்றுச் சமன் செய்தார். கில்கென்னியின் ஹென்றி ஷெஃப்லின் 2014-இல் பத்தாவது பதக்கம் பெற்றார்.

1979-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் கார்க் நகரத் தெருவில் நடந்து சென்றுகொண்டிருந்தபோது ரிங் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 58. கார்க்கிலிருந்து கிளாய்ன் வரை பல்லாயிரவர் கூடிய ஊர்வலம். கல்லறையருகே உரை நிகழ்த்தியவர் ஜாக் லின்ச். அவர் அப்போது அயர்லாந்தின் பிரதமர். அதற்கு முன் கிளென் ரோவர்ஸ் கழகத்திலும் கார்க் அணியிலும் ரிங்கின் தோழர். 1941 முதல் 1946 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஆறு அனைத்து அயர்லாந்துப் பதக்கம் பெற்றவர். ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கேலிக் கால்பந்தில். ஒரே அணியில் தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவர் நாட்டை ஓட்டினார். மற்றவர் எண்ணெய் லாரி ஓட்டினார். அந்த நாட்டு மக்களைக் கேட்டால் இருவரில் யார் பெயரை முதலில் சொல்வார்கள் என்பதில், கார்க்கைப் பொறுத்தவரை, எனக்கு ஐயமே இல்லை.

ஒரு முரணையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேலிக் சங்கத்தில் உள்ளவர்கள் கால்பந்து, கிரிக்கெட், ரக்பி, ஹாக்கி போன்ற ‘அந்நிய’ ஆட்டங்களை ஆடவும் பார்க்கவும் கூடாது என்ற தடை 1971 வரை இருந்தது. 1938-இல் நாட்டின் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு ஒரு கால்பந்துப் போட்டியைக் காணப் போனார் என்பதற்காக, அவரையே சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து நீக்கினார்கள்! நாட்டுப்பற்று எவ்வளவு குறுகலாம் என்பதற்கு இது சான்று. ரிங் விளையாடிய காலம் முழுதும் இந்தத் தடைக்குள்தான் கழிந்தது. அவர் மறைந்தபின் கார்க் நகரத்துக் கால்பந்துத் திடல் ஒன்றைச் சங்கம் வாங்கியது. 1993-இல் அதற்கு அவர் பெயரையே ஐரிஷ் மொழியில் சூட்டிப் பாய்ர்க் ஈ ரின் ஆக்கியது. கார்க் நகரத்து லீ ஆற்றின் மேல் 1987-இல் கட்டிய பாலத்துக்கும், 2005-இல் தொடங்கிய ஒரு கோப்பைக்கும் அவர் பெயர் உண்டு.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, என் தந்தையாரிடம் ரிங்கின் கதையைச் சொன்னேன். அவரும் இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறவர். எட்டுப் பதக்கம், 84,000 கூட்டம், தோளில் தூக்கியது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் கேட்ட கேள்வி எந்தப் புத்தகத்திலும் நான் காணாதது.

“ஏம்ப்பா, அவரு ஆட்டத்துக்குப் போற அன்னிக்கு வண்டிய யாரு எடுத்தா?”

“ஆட்டமெல்லாம் ஞாயித்துக்கிழமைதாம்ப்பா.”

“அப்ப திங்கக்கிழமை காலையில வழக்கம்போல லோடுக்குப் போயிருப்பாரு” என்றார் அவர்.